கல்லுக்கு ஓர் ஆள்

பரராசசிங்கத்தை எரிப்பதா புதைப்பதா என்ற சந்தேகம் அவர் உயிரோடு இருந்தவரை ஒருவருக்கும் வந்ததில்லை. அவருக்கு அறவே வந்ததில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே தன் செத்தவீட்டை முன்கூட்டி நடத்திக் காட்டுகிற மனிதர் அவர். "என்னைச் சுட்டுப்போடுங்கோ. மண்ணுக்க தாட்டுப்போடாதையுங்கோ. சவக்காலையில கிடக்க நான் என்ன வேதக்காரனோ?" என்பார். கிறிஸ்தவர்களைத்தான் அப்படிச் சொல்வார். "சாப்பிடேக்க உதென்ன கதை?" என்று ஜெயமலர் அதட்டுவாள். அவர் இன்னொரு கரண்டி குழம்பு கேட்பார். ஹம்பேர்க்கில் மீன் உணவகத்துக் குசினியிலும் துறைமுகத்துக் களஞ்சியத்திலும் பென்சன் எடுக்கும்வரை முறிந்த உடம்பு அது. அதை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவைக்க அவருக்கு உரிமை இருந்தது.

தை மாதத்தில் ஒருநாள், எஸ்-பான் ரயில் நிலையத்துப் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழும்பவில்லை. அடுத்த நாளே அவரை என்ன செய்வது என்று சொல்ல வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வந்தவர் வாசுதேவன். பிரதான புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அதைவிட முக்கியமாக, நினைவேந்தல் குழுவின் தலைவர். ஊரில் சண்டை தொடங்கின கையோடு விமானம் ஏறி, சண்டை முடிந்த பிறகும் இங்கிருந்தபடி அதை விடாமல் நடத்திக்கொண்டிருப்பவர்களில் ஒருவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பரராசசிங்கத்தின் படத்துக்கு முன்னால் நின்று உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு ஜெயமலரைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு விசயத்துக்கு வந்தார்.

"அக்கா, கோவிக்கக் கூடாது. அண்ணையை எரிக்காமல் மண்ணில வைப்பமோ?"

ஜெயமலருக்கு முதலில் விளங்கவில்லை. புருசன் செத்து இரண்டாம் நாள், மூளை பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது. வாசுதேவன் ஆறுதலாக விளக்கினார்.

ஊரில் இயக்கம் தன் போராளிகளுக்காகக் கட்டிய துயிலும் இல்லங்கள் என்ற மயானங்களைப் போர் முடிந்த கையோடு இராணுவம் புல்டோசர் விட்டு உழுதுபோட்டது. நிமிர்ந்து நின்ற கல் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே இங்கே ஒவ்வொரு கார்த்திகையும் போராளிகளின் நினைவு நாளுக்குக் குழு ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும். பலகையில் செய்து சாம்பல் நிறம் பூசின கல்லறைகளை வரிசையாக அடுக்கி, பெயரும் படமும் ஒட்டி, சனம் விளக்கேற்றி அழும். இருட்டுவதற்குள் மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த நாள் அங்கே துருக்கிக்காரர் வீட்டுக் கலியாணம் இருக்கும். அழுது முடிந்ததும் கல்லறைகளை மடக்கி வான் வண்டியில் ஏற்றி, வாசுதேவனின் கடைக் களஞ்சியத்தில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நிறுத்திவைப்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அரிசி வாங்கப் போனால், கதவு திறந்திருக்கிற நேரம் அது கண்ணில் படும்.

இந்தக் கேவலம் முடிய வேண்டும், ஹம்பேர்க்கில் நிரந்தரமாக ஒரு கல் நிற்க வேண்டும் என்று குழு நகரத்து மயானத்துக்கு மனு மேல் மனுப் போட்டது. அங்கிருந்த அலுவலகப் பெண் ஒவ்வொரு முறையும் மரியாதையாக ஒரே பதிலைச் சொன்னாள். சங்கங்களுக்கு இடம் இல்லை, இறந்தவர்களுக்குத்தான் இடம். ஓர் ஆளை அடக்கம் செய்தால் குடும்பம் கல் வைக்கலாம். வேறு நாட்டில் இறந்த உறவினர்களின் பெயர்களையும் அதில் வெட்டலாம். கொடி, சின்னம், பதவி எதுவும் கூடாது.

அன்றிலிருந்து குழு ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. கண்டவர் நின்றவரை வைக்க ஏலாது. போரில் பிள்ளையைக் கொடுத்த தகப்பனோ தாயோவாக இருக்க வேண்டும், ஹம்பேர்க்கில் வசிக்க வேண்டும், சாக வேண்டும். அதற்கு மேல், எரிக்கிற சனத்தில் பிறந்தும் புதைக்கச் சம்மதிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருவர் சரிவரும்போலத்தான் இருந்தது. டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள். வாசுதேவன் ஒவ்வொரு ஞாயிறும் தோடம்பழத்தோடு போய்ப் பக்கத்தில் இருந்தார். அந்த மனிதர் தோடம்பழத்தைத் தின்று எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது உதைபந்தாட்டம் பார்க்க மைதானத்துக்கே போகிறாராம்.

"அண்ணையின்ர புண்ணியத்தில எங்கட பிள்ளையளுக்கு ஒரு இடம் கிடைக்கும், அக்கா," என்றார் வாசுதேவன். "கல்லில முதல் பேர் உங்கட துவாரகன். அதுக்கு நான் பொறுப்பு."

அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஜெயமலர் அப்போதே கதவைத் திறந்து அவரை அனுப்பியிருப்பாள். வியாபாரிக்கு எந்தச் சாமானை எப்போது எடுத்துக் காட்டுவது என்று தெரிந்திருந்தது.

துவாரகன் வளர்ந்தபோது தகப்பனின் முகத்தைப் படத்தில்தான் பார்த்தான். அவனுடைய ஏழு வயதில் தகப்பன் ஜெர்மனிக்குப் போனார். பதினாறு வயதில் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இயக்கத்துக்குப் போனான். அவன் போய் அடுத்த மாதம், இத்தனை வருடமாக இழுத்தடித்த குடும்ப விசா சரிவந்தது. சின்னவள் துஷானியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெயமலர் விமானம் ஏறினாள். அவனைப் பிறகு எடுக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அதை நம்பினாள், நம்பாமல் எப்படி ஏறுவது.

இரண்டு வருடம் கழித்துத் தொலைபேசியில் செய்தி வந்தது. பரராசசிங்கம்தான் எடுத்தார். எதிர்முனையில் இருந்தவன் வீரச்சாவு என்றான், வித்துடல் விதைக்கப்பட்டுவிட்டது என்றான். இயக்கம் யாரையும் எரிப்பதில்லை. சைவமோ வேதமோ, எல்லாப் பிள்ளைகளையும் மண்ணில்தான் வைக்கும், அதைப் புதைப்பது என்றும் சொல்லாது. பரராசசிங்கத்துக்கு இந்தப் புதுச் சொல்லெல்லாம் ஏறவில்லை. "ஆர் கொள்ளி வைச்சது?" என்று மட்டும் கேட்டார். கொள்ளி இல்லை, ஐயா, என்றான் அவன். இவர் ரிசீவரை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அழுகிற சத்தம் அதையும் தாண்டிக் கேட்டது.

சமாதான காலத்தில் பாதை திறந்தபோது ஜெயமலர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வன்னியில் அந்தத் துயிலும் இல்லம் அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது, அதுதான் அவளை உருக்கியது. கூட்டிப் பெருக்கிய மணல், வரிசை வரிசையாக வெள்ளைக் கல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூமரம். மகனுடைய கல்லைக் கண்டுபிடித்து அதன் மேல் கையை வைத்தாள். வெயிலில் கிடந்த கல் சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்த கையை எடுக்க மனம் வராததுபோல் அவள் பொழுதுபடும்வரை எடுக்கவில்லை. மகன் சாகும்போது அவள் பக்கத்தில் இருக்கவில்லை, ஆனாலும் இனி அவனுக்கு ஒரு விலாசம் இருந்தது. அந்த நினைப்போடு ஆறு வருடம் உயிரோடு இருந்தாள்.

பிறகு யாரோ அனுப்பிய படம் கைபேசியில் வந்தது. அதே இடம், மரங்களை வைத்து அடையாளம் தெரிந்தது. கற்கள் இல்லை. வெறும் தரை, இரண்டு கம்பம், நடுவில் கரப்பந்தாட்ட வலை. ஜெயமலர் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பரராசசிங்கம் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எரிச்சிருந்தால் சாம்பலை ஆர் வந்து இடிக்கிறது?" என்றார். அந்தக் கேள்விக்காக அவள் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

ஒவ்வொரு கார்த்திகையும் அவளை மண்டபத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுவது அவர்தான். உள்ளே வரமாட்டார். கார் தரிப்பிடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கச்சான் கடலை தின்றுகொண்டு இருப்பார். அவள் கண் வீங்கித் திரும்பி வந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் காரை எடுப்பார். ஆசனத்துக்குக் கீழே கச்சான் கோது கிடக்கும். அதை அடுத்த நாள் அவள்தான் கூட்டுவாள்.

வாசுதேவன் போன பிறகு அவள் மகளிடம் சொன்னாள். துஷானி ஆஸ்பத்திரியில் தாதி. தகப்பனின் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருந்தது.

"அப்பா என்ன சொன்னவர் எண்டு உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்."

"பேந்தென்ன?"

"அவர் போயிட்டார், பிள்ளை. இனி அவருக்கு எரிச்சாலென்ன, தாட்டாலென்ன. அண்ணாவுக்கு ஒரு இடமும் இல்லை."

"அம்மா, அதுக்குள்ள கிடக்கப் போறது அண்ணா இல்லை. அப்பா."

துஷானி மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"இஞ்ச தகன மண்டபத்தில பொத்தானை அமத்தினால்தான் பெட்டி உள்ள போகும். ஆண் பிள்ளை இல்லை எண்டு கவலைப்படாதையுங்கோ, நான் அமத்துறன் எண்டு அப்பாட்டச் சொன்னனான். போன வருசம் சொன்னனான். அவர் என்ன செய்தவர் தெரியுமோ? சிரிச்சவர். அப்ப எனக்கு நீதான் கொள்ளி எண்டு எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னவர். அந்த மனுசனை நீங்கள் கல்லு நட மண்ணுக்க வைக்கப் போறியள்."

"முதல் பேர் அண்ணாவின்ர பேர் எண்டு சொல்லியிருக்கினம்."

"இஞ்ச குழி இருபத்தஞ்சு வருசத்துக்குத்தான் வாடகை, பேந்து இவையளும் கல்லைத் தூக்கிப்போட்டு மண்ணைக் கிளறுவினம். அங்க கேக்காமல் கிளறினவை, இஞ்ச கடிதம் போட்டுட்டுக் கிளறுவினம். அவ்வளவுதான்."

"இருபத்தஞ்சு வருசம் எனக்குக் காணும்," என்றாள் ஜெயமலர்.

தான் செய்வது துரோகம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். நாற்பத்தைந்து வருடம் புருசனாக இருந்த மனிதர் கேட்டது ஒரு நெருப்பு, அதையும் அவள் கொடுக்கப் போவதில்லை. ஆனால் புருசன் தன்னை மன்னிப்பார் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. எத்தனையோ குழம்பில் உப்புக் கூடியதை மன்னித்தவர். மகன்தான் மன்னிக்கமாட்டான், விட்டுவிட்டு விமானம் ஏறியவளை. இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் கொடுக்கலாம் என்றால், செத்தவருக்குக் கொடுப்பதா, செத்தும் இடமில்லாமல் இருப்பவனுக்குக் கொடுப்பதா? அவள் மகனுக்குக் கொடுத்தாள். அடுத்த நாள் காலையில் வாசுதேவனுக்குப் போன் எடுத்து ஓம் என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. குழி வாசுதேவனின் பெயரில் பதியப்பட்டது. சங்கத்தின் பெயரில் பதிய முடியாது, உங்களுக்கு ஏனக்கா இந்த அலைச்சல் என்றார். செத்தவீட்டுக்கு இதுவரை காணாத சனம். ஐயர் வந்து, நெருப்பில்லாத கிரியைக்கு எந்த மந்திரத்தைச் சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சொன்னார். மழை தூறியது. பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது குழிக்குள் தண்ணீர் நின்றது. வெயிலுக்கு ஏங்கிக்கொண்டே இந்த ஊரில் கிழவரான மனிதரைக் கொண்டுபோய்க் குளிர்ந்த சேற்றில் வைக்கிறோமே என்று ஜெயமலர் நினைத்தாள். துஷானி மண் போடவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடி நின்றாள்.

கல் உடனே வைக்க முடியாது, மண் இறுக வேண்டும். மண் இறுகுவதற்குள் குழுவுக்குள் சண்டை முற்றியது. கல்லின் அடியில் யாருடைய சங்கத்தின் பெயர் போடுவது என்று முதலில் சண்டை. ஒருவருடைய பெயரும் போடக்கூடாது என்று மயான அலுவலகம் சொன்ன பிறகும் அது ஓயவில்லை. பாதிப் பேர் பிரிந்துபோய்ப் புதுக் குழு தொடங்கினார்கள். பலகைக் கல்லறைகளையும் பிரித்தார்கள், இரண்டு பக்கமும் சரி பாதி. மிஞ்சியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாற்பத்துச் சொச்சம் பேர். எல்லாரும் பரராசசிங்கத்தின் உறவினர் என்று வாசுதேவன் எழுதிக் கொடுத்தார். அலுவலகப் பெண் அதை வாசித்துவிட்டு, மிகப் பெரிய குடும்பம், மிகவும் வருந்துகிறேன் என்றாளாம். அவள் நல்ல மனதோடு சொன்னாளா குத்தலாகச் சொன்னாளா என்பதைப் பற்றியும் குழுவில் இரண்டு கருத்து இருந்தது.

புரட்டாதி மாதத்தில் வாசுதேவன் வீட்டுக்கு வந்தார். இந்த முறை தண்ணீர் கேட்கவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பேர் ஒழுங்கில ஒரு சின்னப் பிரச்சினை. ஆக்கள் பதவிப்படி போடச் சொல்லினம்."

"பதவி போடக் கூடாது எண்டல்லோ சொன்னவை?"

"பதவி எழுதேல்லை. ஒழுங்கு மட்டும் அப்பிடி. லெப்டினன்ட் கேணல், மேஜர், கப்டன்…"

அவர் நிறுத்திவிட்டார். துவாரகன் இரண்டே வருடம் இருந்தவன், பதினெட்டு வயதில் போனவன். அவனுக்கு ஆகக் கடைசிப் பதவி.

"முதல் பேர் எண்டு சொன்னனீங்கள், தம்பி."

"சொன்னனான்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. கமிட்டி ஏற்குதில்லை. மற்றத் தாய்மாரும் தாய்மார்தானே, அக்கா? ஒவ்வொருத்தரும் தன்ர பிள்ளையை மேல போடச் சொல்லி அழுகினம். நான் ஆருக்கெண்டு சொல்லுறது?"

"மற்றத் தாய்மார் புருசனைத் தரேல்லை."

வாசுதேவன் கோப்பைக்குள் பார்த்தார்.

"அப்ப அவரைத் திருப்பித் தாங்கோ," என்றாள் ஜெயமலர். "நான் கொண்டுபோய் எரிக்கிறன்."

பக்கத்து அறையில் துஷானி உடுப்பு மடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. வாசுதேவனின் முகத்தில் முதன்முதலாக ஒரு வெட்கம் வந்தது. அவர் அதை நெடுநேரம் வைத்திருக்கவில்லை.

"அது ஏலாது, அக்கா. இருபத்தஞ்சு வருசத்துக்குத் தோண்ட விடமாட்டினம்."

அவர் போன பிறகு துஷானி வந்து தாய்க்கு முன்னால் நின்றாள். ஏசப் போகிறாள் என்று ஜெயமலர் காத்திருந்தாள். அவள் ஏசவில்லை. குடிக்காமல் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக் கோப்பையைக் கழுவினாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கார்த்திகையில் கல் திறப்பு. ஊரில் மாலை விளக்கேற்றுகிற அதே நேரத்தில் இங்கேயும் ஏற்ற வேண்டும் என்பதால், இங்கே மதியம். மேப்பிள் இலைகள் விழுந்து நனைந்து கிடந்தன. மயானத்தின் ஒரு கோடியில், புதர்வேலிக்கு முன்னால், கறுப்புப் பளிங்கில் ஆள் உயரக் கல். அழகான கல்தான், குறை சொல்வதற்கில்லை. பெயர்கள் பொன் எழுத்தில் மேலிருந்து கீழே இறங்கின. எழுதக் கூடாத பதவிகளை எழுதாமலே எல்லாரும் வாசித்தார்கள். மேஜரின் தாய் எங்கே நிற்கிறாள், கப்டனின் தாய் எங்கே நிற்கிறாள் என்று அவர்கள் நின்ற இடத்திலேயே தெரிந்தது. துவாரகனின் பெயர் ஆகக் கீழே. வரிசையாக மலர்வளையங்களைச் சாத்திய பிறகு அது தெரியவில்லை. ஜெயமலர் குனிந்து ஒரு வளையத்தை நகர்த்தினாள். அடுத்த ஆள் வந்து இன்னொன்றைச் சாத்தினார்.

பரராசசிங்கத்தின் பெயர் முன்பக்கத்தில் எங்கும் இல்லை. அவர் போராளி இல்லையே. ஆனால் கீழே கிடப்பவரின் பெயர் கல்லில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அலுவலகம் சொல்லிவிட்டபடியால், பின்பக்கத்தில், புதர்வேலியைப் பார்த்தபடி வெட்டியிருந்தார்கள். துஷானி போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். முன்னால் சனம் நெருங்கி நிற்க, பின்னால் கல்லுக்கும் வேலிக்கும் இடையிலிருந்த ஒடுக்கத்தில் அவள் மட்டும் நின்றாள்.

வாசுதேவன் ஒலிவாங்கியைப் பிடித்தார். மயானம் என்பதால் சின்ன ஒலிபெருக்கிக்குத்தான் அனுமதி, அதனால் கத்திப் பேசினார். எதிரி அழித்த துயிலும் இல்லம் இன்று ஐரோப்பிய மண்ணில் எழுந்து நிற்கிறது என்றார். அதற்கு வித்திட்டவர் ஒரு தந்தை என்றார். "சாகும் தறுவாயில் அண்ணை என்ர கையைப் பிடிச்சு ஒண்டு கேட்டவர். என்னை எரிக்க வேண்டாம், என்ர பிள்ளையை எப்பிடி மண்ணில வைச்சியளோ, அப்பிடியே என்னையும் வையுங்கோ எண்டு கேட்டவர்!"

படியில் உட்கார்ந்து, பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல் செத்த மனிதர். வாழ்நாள் முழுக்க ஒரு கார்த்திகைக் கூட்டத்துக்கும் உள்ளே வராத மனிதர். சனம் அழுதது. ஜெயமலருக்கு அழுகை வரவில்லை.

"அம்மா ரெண்டு வார்த்தை சொல்லிப்போட்டு விளக்கை ஏத்துவா," என்று வாசுதேவன் ஒலிவாங்கியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆனால் அதைத் தன் கையிலிருந்து விடவில்லை. பயந்துவிட்டார். அவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பிரிந்துபோன குழுவின் ஆட்கள் வேலி ஓரமாகக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புதைக்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை, கல்லில் உள்ள மற்றப் பிள்ளைகள் அவருக்கு உறவும் இல்லை, எல்லாம் புளுகு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும். அலுவலகப் பெண் வருந்துகிறேன் என்று ஒரு கடிதம் போடுவாள். கல் போகும். மகனுடைய பெயர் இரண்டாம் முறை போகும். புருசன் மட்டும் கீழே கிடப்பார், தோண்ட விடமாட்டார்கள்.

நெருப்புத்தான் கேட்டவர் என்று சொல்ல அவள் வாய் திறந்தது.

"ஓம்," என்றாள். "அவர் அப்பிடித்தான் கேட்டவர்."

ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கிச் சொன்னது. கல்லுக்குப் பின்னாலிருந்து துஷானி வெளியே வந்தாள். தாயை ஒருமுறை பார்த்தாள். கோபம்கூட இல்லை, முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. பிறகு ஈர இலைகளை மிதித்துக்கொண்டு பிரதான வாசல் பக்கமாக நடந்தாள். ஜெயமலர் விளக்கை ஏற்றினாள். காற்றில் அது அணைந்தது, வாசுதேவன் லைட்டரால் திரும்ப ஏற்றிவிட்டார்.

எல்லாம் முடிந்து சனம் மண்டபத்துக்குப் போகக் கலைந்தது. அங்கே சாப்பாடும் சின்னப் பிள்ளைகளின் நடனமும் இருந்தது. ஜெயமலர் மட்டும் கல்லின் பின்பக்கம் போனாள். மகள் நின்ற இடத்தில் நின்று புருசனின் பெயரை வாசித்தாள். "நான் உங்களைக் குடுத்திட்டன்," என்றாள் சத்தமாகவே. "ஏமாந்துபோய்க் குடுத்திட்டன். அதுக்கு மேல பொய்யும் சொல்லிட்டன்." வேலிக்கு அப்பால் யாரோ இலை கூட்டுகிற இயந்திரத்தை இயக்கினார்கள்.

ஆள் அரவம் கேட்டுத் திரும்பினாள். சுஜீவா நின்றாள். முகம் பார்த்துப் பழக்கம், நெருங்கின சிநேகிதம் இல்லை. அவளுடைய மகன் பெயர் துவாரகனுக்கு நேர் மேலே இருந்தது, அதையும் வளையம் மறைத்திருந்தது. போரின் கடைசி மாதங்களில் இயக்கம் வீடு வீடாக வந்து பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளில் ஒருவன். அவனுக்கும் ஆகக் கடைசிப் பதவிதான். உடலும் கிடைக்கவில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ?" என்றாள் சுஜீவா. குரலைத் தாழ்த்தினாள். "அண்ணை உண்மையாத் தானாக் கேட்டவரோ?"

ஜெயமலர் கல்லில் ஒட்டியிருந்த ஈர இலை ஒன்றை எடுத்தாள்.

"என்ர மனுசன் கேக்கிறாரில்லை. கிட்னி ரெண்டும் போட்டுது, டொக்டர் கன நாள் சொல்லேல்லை. எரிக்கத்தான் வேணுமாம், ஒரே பிடி." அவள் கல்லின் பக்கத்திலிருந்த வெறும் புல்லைப் பார்த்தாள். "வாசுதேவன் அண்ணை சொல்லுறார், பக்கத்து இடமும் எடுக்கலாமாம். அதில இன்னொரு கல்லு வைப்பினமாம். அவரைத் தந்தால் அந்தக் கல்லில முதல் பேர் என்ர பிள்ளையின்ர பேராம்."

கொடுக்காதே, பெண்ணே, அந்த மனுசன் கேட்டபடி விடு, என்று சொல்ல வேண்டும். அது ஜெயமலருக்குத் தெரிந்தது. ஆனால் சுஜீவாவின் முகத்தில் இருந்தது என்ன என்றும் அவளுக்குத் தெரிந்தது. பத்து மாதத்துக்கு முன்பு சமையலறையில் அவளுடைய முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்த முகத்துக்கு எதைச் சொன்னாலும் ஏறாது.

"குடுங்கோ," என்றாள். "ஆனால் பேரை முதல்ல வெட்டுவிச்சுப்போட்டு, பேந்து ஆளைக் குடுங்கோ."